பாதிரியார் நிறுத்திய இசை

1957-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் செஸ்டர் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு சிறிய குழு படம் எடுத்துக்கொண்டிருந்தது. வானிலிருந்து விழுந்த கூழ் உருண்டை ஒன்று மனிதர்களை விழுங்க விழுங்கப் பெருத்துக்கொண்டே போகும் கதை. படத்தின் பெயர் 'தி பிளாப்'. செலவு ஏறத்தாழ 1,10,000 டாலர். இயக்குநர் இர்வின் யேவொர்த், கிறிஸ்தவப் பிரசாரப் படங்களும் கல்விப் படங்களும் எடுத்துப் பழகியவர். பின்னணி இசை ரால்ஃப் கார்மைக்கேல். இவர் ஒரு போதகரின் மகன். அமெரிக்கத் தேவாலயங்களுக்குள் தற்கால மெல்லிசையைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியாக இன்று நினைக்கப்படுபவர்; 1965-இல் பில்லி கிரகாமின் அமைப்பு வெளியிட்ட 'தி ரெஸ்ட்லெஸ் ஒன்ஸ்' படத்துக்கும் இசையமைத்தவர். 'தி பிளாப்' படத்தை வாங்கிய பாரமவுண்ட் நிறுவனம் கார்மைக்கேல் எழுதிய இறுக்கமான தொடக்க இசையை எடுத்துவிட்டு, பெர்ட் பாக்கராக்கும் மேக் டேவிட்டும் எழுதிய துள்ளலான பாட்டு ஒன்றை வைத்தது. அந்தப் பாட்டு 1958-இல் பில்போர்டு பட்டியலில் 33-ஆம் இடம் வரை ஏறியது. படத்துக்குள்ளே ஓடும் இசை மட்டும் கார்மைக்கேலுடையதாகவே நின்றது.

ஒரே மனிதர், ஒரே பயிற்சி, ஒரே சுரங்கள். ஒரு படத்தில் அவை கேட்பவரை மண்டியிட அழைக்கின்றன; இன்னொரு படத்தில் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்ற வைக்கின்றன. அப்படியானால் ஒலிக்குள் புனிதம் என்று ஏதாவது இருக்கிறதா? அல்லது புனிதமும் பேய்த்தனமும் கேட்பவர் கொண்டுவந்து ஏற்றுபவைதாமா? மலிவான திகில் படங்களை வைத்துக் கேட்பதற்கு இது மிகப் பெரிய கேள்வி என்று தோன்றலாம். ஆனால் இதை விசாரிக்கப் பெரிய படங்களைவிடச் சின்னப் படங்களே ஏற்றவை.

பெரிய நிறுவனம் ஒவ்வொரு படத்துக்கும் இசையமைப்பாளரை அமர்த்தி, காட்சிக்குக் காட்சி அளந்து எழுதச் செய்யும். கையில் காசில்லாதவர், யாரோ எதற்காகவோ பதிவுசெய்து வைத்த இசைத்துண்டுகளை மொத்தமாக உரிமை வாங்கிப் பொருத்துவார். ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 1,14,000 டாலரில் எடுத்து 1968-இல் வெளியிட்ட 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அப்படிப்பட்ட படம். அதன் இசை கேபிடல் நிறுவனத்தின் 'ஹை-க்யூ' தொகுப்பிலிருந்து எடுத்தது. அவற்றில் சில துண்டுகள் 1959-இல் வந்த 'டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் ஏற்கெனவே ஒலித்தவை. அந்தப் படத்தில் அவை வேற்றுக்கிரகத்து இளைஞர்களுக்கும், ஒரு சிங்கி இறாலைப் பெரிதாக்கிக் காட்டிய ராட்சத விலங்குக்கும் துணைபோயின; யார் மனத்திலும் தங்கவில்லை. ரொமேரோவின் படத்தில் அதே துண்டுகள் எழுந்து நடக்கும் பிணங்களோடு சேர்ந்து, அரை நூற்றாண்டாக மறக்கப்படாமல் நிற்கின்றன. யாரும் திட்டமிடாமலே நடந்துவிட்ட சோதனை இது. ஒலி மாறவில்லை, அது நிற்கும் இடம் மாறியது.

வியன்னாவின் இசை விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். இசையால் குறிப்பிட்ட உணர்ச்சி எதையும் சித்திரிக்க முடியாது என்று 1854-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். மனைவியை இழந்து ஓர்ஃபியஸ் புலம்பும் குளுக்கின் புகழ்பெற்ற மெட்டில், அவளை மீண்டும் கண்டுவிட்ட மகிழ்ச்சியைச் சொல்லும் சொற்களை வைத்தாலும் பொருந்தும் என்பது அவர் எடுத்துக்காட்டு. யுனிவர்சல் நிறுவனம் அவருக்கு இன்னொரு சான்று தந்திருக்கிறது. 1931-இல் 'டிராகுலா'வின் தலைப்புக்குத் தனி இசை எழுதுவிக்காமல், சைக்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' பாலே இசையிலிருந்து ஒரு பகுதியைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு 'தி மம்மி'க்கும் அதையே போட்டார்கள். அன்னமாக மாறிய இளவரசியின் துயரம் ஒரு தலைமுறைக்கு ரத்தம் குடிக்கும் பிரபுவின் வருகையாகிவிட்டது.

இருந்தாலும் ஹான்ஸ்லிக்கோடு கடைசிவரை போக முடியாது. 'அன்ன ஏரி'யின் அந்தப் பகுதியில் ஏற்கெனவே ஒரு நடுக்கம் இருந்தது. அதனால்தான் அது கைகொடுத்தது. எந்த மெட்டை எடுத்து எந்தப் பேய்க்குப் போட்டாலும் மயிர்க்கூச்செறியும் என்பதில்லை. தெரமின் என்ற கருவியைப் பாருங்கள். ரஷ்யரான லெவ் தெரமின் 1920 வாக்கில் உருவாக்கியது. வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை, காற்றில் கையை அசைக்கிறார். கிளாரா ராக்மோர் அதில் சான்-சான்ஸின் 'அன்னம்' வாசித்தபோது அது இரங்கலாகக் கேட்டது. பாத மருத்துவரான சாமுவேல் ஹாஃப்மன், 1950-இல் பதினெட்டு நாளில் எடுத்து முடித்த 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' படத்துக்காக அதையே வாசித்தபோது செவ்வாய்க் கிரகத்தின் பாழ்வெளியாகக் கேட்டது. இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு: உடம்பில்லாத ஒரு குரல் பேசுகிறது என்ற உணர்வு. ஒலிக்கு விசை உண்டு, திசை இல்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்த விசையைக் கண்டு சமயமும் தத்துவமும் நெடுங்காலம் அஞ்சியிருக்கின்றன. பிளேட்டோ தம் இலட்சிய நகரத்திலிருந்து சில இசைமுறைகளை வெளியேற்றினார். மிலான் தேவாலயத்தின் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அகஸ்டின், பிற்பாடு 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் அந்தக் கண்ணீரையே சந்தேகிக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தம்மை அதிகம் உருக்கினால் அது குற்றம் என்று எழுதுகிறார். தேவாலயத்திலிருந்து இன்னிசையையே விலக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைக்கிறார். சூரிச் நகரத்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி பல கருவிகளை வாசிக்கத் தெரிந்தவர். அவர் காலத்தில்தான், 1524-இல், அந்நகரத் தேவாலயங்களில் ஆர்கன் நிறுத்தப்பட்டது. 1527-இல் பெரிய தேவாலயத்தின் ஆர்கனை உடைத்தே போட்டார்கள். இசை தெரியாதவர் அதைத் தடைசெய்தால் அறியாமை எனலாம். ஸ்விங்ளிக்கு அதன் வலிமை தெரிந்திருந்தது.

ஆர்கனின் வரலாறே இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிடுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியோஸ் நீரழுத்தத்தால் இயங்கும் ஆர்கனை உருவாக்கினார். ரோமானியர் அதை வாள்வீரர்கள் மோதிச் சாகும் அரங்குகளில் வாசித்தார்கள்; லிபியாவின் ஸ்லிட்டன் என்னுமிடத்தில் கிடைத்த தரைச் சித்திரத்தில் மோதுகிற வீரர்களின் பக்கத்திலேயே ஆர்கன் இருக்கிறது. தொடக்கக் காலத் திருச்சபை கருவி இசையையே ஒதுக்கிவைத்தது. 757-இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்தந்தீன் பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதன் பின்னரே மேற்கு ஐரோப்பாவில் அது மெல்ல மெல்லத் தேவாலயத்துக்குள் நுழைந்தது. அரங்கின் ரத்தத்துக்கு நடுவே ஒலித்த கருவி, சில நூற்றாண்டுகளில் கடவுளின் குரலாகிவிட்டது.

திரும்பி வந்த பயணத்துக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. பாக் தம் கையெழுத்துப் படிகள் பலவற்றின் அடியில், மகிமை இறைவனுக்கே என்ற பொருள்தரும் மூன்று எழுத்துகளைக் குறித்துவைத்த தேவாலய இசைஞர். அவர் பெயரில் வழங்கும் டி மைனர் தொக்காட்டா என்னும் ஆர்கன் இசை 1931-இல் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் ஒலித்தது. 1934-இல் எட்கர் உல்மர் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவாகச் செலவிட்டு எடுத்த 'தி பிளாக் கேட்' படத்தில், சாத்தானை வழிபடும் கட்டடக்கலைஞனாக வரும் போரிஸ் கார்லோஃப் ஆர்கன் முன் உட்கார்ந்தார். அதற்குப் பின் பாக்கின் அந்த முதல் சுரங்களைக் கேட்டால் பாழடைந்த மாளிகை நினைவுக்கு வராத திரைப்பட ரசிகர் குறைவு.

இந்த விவாதம் முழுவதையும் ஒரே காட்சிக்குள் வைத்த படம் 1962-இல் வந்தது: 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தில் சென்ட்ரான் என்ற நிறுவனத்துக்காகப் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டு நின்ற சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். கதை அங்கே முளைத்தது. சால்ட்டேர் சாதாரண இடமல்ல. குடும்பங்கள் கண்ணியமாகப் பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்று மார்மன் சபையின் முயற்சியில் 1893-இல் கட்டப்பட்டது. 1925-இல் எரிந்து, மறுபடி எழுந்து, 1958-இல் மூடப்பட்டது. சமய நோக்கில் பிறந்த நடனக்கூடம், ஹார்வியின் படத்தில் செத்தவர்கள் ஆடும் கூடமானது.

படத்தின் மொத்தச் செலவு சுமார் 33,000 டாலர். அந்தப் பணத்தில் இசைக்குழு அமர்த்த முடியாது. ஜீன் மூர் வாசித்த ஆர்கன் ஒன்றே படம் முழுவதற்கும் இசை. வறுமை ஒரு கலைஞனுக்குச் செய்த மிகப் பெரிய உபகாரங்களில் இதைச் சேர்க்கலாம். ஏனென்றால் கதாநாயகி மேரி ஹென்றியும் தேவாலய ஆர்கன் இசைஞர். அவள் வாசிப்பதும் ஆர்கன், அவளைத் துரத்துவதும் ஆர்கன். எந்த ஒலி அவள் விரலிலிருந்து வருகிறது, எது வேறெங்கோ இருந்து வருகிறது என்று பார்ப்பவரால் பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. ஐம்பது பேர் கொண்ட இசைக்குழு இருந்திருந்தால் இந்தக் குழப்பமே கிடைத்திருக்காது.

கதை எளியது. மேரி போன கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. கூட இருந்தவர்கள் மூழ்கிவிட, மேரி மட்டும் சில மணி நேரம் கழித்துச் சேறு அப்பிய உடம்போடு கரையேறுகிறாள். யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் வேலைக்குச் சேர்கிறாள். தேவாலயம் தனக்கு வேலை பார்க்கும் இடம், அவ்வளவுதான் என்பதை அவள் ஒளிக்கவில்லை. பாதிரியாருக்கு அவள் வாசிப்பு பிடித்துப்போகிறது. ஓரிரவு தனியாகப் பயிற்சி செய்கிறாள். தேவாலய இசையாகத் தொடங்கியது மெதுவாக வழுக்கி, திருவிழாக் கூடத்தின் வட்டமிடும் ராகமாக மாறுகிறது. விரல்கள் அவளுடையவைதாம், ஆனால் அவற்றை ஓட்டுவது அவளல்ல. சால்ட்டேர் மண்டபமும் வெளிறிய முகங்களும் அவள் கண்முன் வருகின்றன. ஓடிவந்த பாதிரியார் அவள் கைகளைப் பிடித்து நிறுத்துகிறார். இது தெய்வ நிந்தை என்கிறார். வேலையிலிருந்து விலகிவிடச் சொல்கிறார்.

அந்தப் பாதிரியார் செய்தது சரியா?

ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 'புனிதம்' என்ற தம் நூலை 1917-இல் வெளியிட்டார். சமயத்தின் வேரில் இருப்பது கோட்பாடும் அல்ல, ஒழுக்கமும் அல்ல. முற்றிலும் வேறான ஒன்றின் முன் மனிதன் நடுங்கியும் ஈர்க்கப்பட்டும் நிற்கும் அனுபவம் என்றார். பேய்க்கு அஞ்சி உடம்பு சிலிர்ப்பதும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே. அது வளர்ச்சி குன்றிய கிளை, ஆனால் அந்த மரத்தின் கிளைதான் என்பது அவர் கருத்து. இந்தச் சிந்தனைக்கு அவரைத் தள்ளியது ஓர் ஒலி என்பது இங்கே முக்கியம். 1911-இல் மொராக்கோவின் மொகதோர் நகரத்தில் ஓர் எளிய யூதத் தொழுகைக்கூடத்தில், ஏசாயா நூலில் மும்முறை வரும் 'பரிசுத்தர்' என்ற துதியை மக்கள் ஓதக் கேட்டு அவர் உலுக்கப்பட்டார். நம் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அச்சத்தின் நான்கு காரணங்களில் அணங்கை முதலில் வைக்கிறது. விலங்கும் கள்வரும் பிறகுதான். உயிருக்கு ஆபத்து என்ற பயம் வேறு, இன்னதென்று அறிய முடியாததன் முன் எழும் பயம் வேறு என்பதை அந்த நூலும் உணர்ந்திருக்கிறது.

ஓட்டோவின் கண்ணால் பார்த்தால் பாதிரியாரின் பிழை தெளிவாகிறது. மேரி நம்பிக்கையில்லாமல், பிசகில்லாமல் துதி வாசித்த நாள்களில் அவருக்குக் குறை தெரியவில்லை. வெறும் கைத்தொழிலை வழிபாடாக ஏற்றுக்கொண்டார். அவளைவிடப் பெரிய ஏதோ ஒன்று அவளைப் பற்றிக்கொண்ட முதல் இரவில், அவளை வெளியே அனுப்பினார். அந்தத் தேவாலயத்தில் அவள் வாசித்தவற்றுள் சமய அனுபவத்துக்கு மிக நெருங்கி வந்தது அவர் நிறுத்திய இசைதான்.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவளைப் பற்றிக்கொண்டது கடவுள் அல்ல. படத்தின் முடிவில் ஆற்றிலிருந்து தூக்கப்படும் காருக்குள் மேரியின் உடலும் இருக்கிறது. அவளை அழைத்துக்கொண்டிருந்தவர்கள் இறந்தவர்கள். நடுங்க வைப்பதெல்லாம் தெய்வம் என்று எந்தச் சமயமும் சொன்னதில்லை. எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவானின் முதல் நிருபம் அறிவுறுத்துகிறது. ஆனால் சோதிப்பதற்கு முதலில் கேட்க வேண்டும். உனக்கு என்ன நேர்ந்தது, இந்த இசை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருந்தால், தான் இறந்துவிட்டதை அறியாமல் தவிக்கும் ஓர் ஆத்துமாவுக்கு ஒருவராவது துணை இருந்திருப்பார்.

ஒருவரின் புனிதம் இன்னொருவருக்குத் திகிலாகும்போது இந்தக் கேள்வி அரசியலாகவும் மாறுகிறது. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி' 1943-இல் வந்தது. கதை நடப்பது ஒரு கற்பனைக் கரீபியத் தீவில்; ஆனால் அங்கே இரவெல்லாம் முழங்குவது வூடூ வழிபாட்டின் பறை. அமெரிக்கப் பார்வையாளருக்கு அது நெருங்கிவரும் ஆபத்து. ஹெயிட்டியின் பக்தருக்கு அது தெய்வங்களை அழைக்கும் ஒலி. படம் வருவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்புவரை ஹெயிட்டியில் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் ஆதரவோடு மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தி, வூடூ மக்களின் பறைகளையும் பூசைப் பொருள்களையும் எரித்தது. அந்த அரசு வூடூவை ஒரு சமயமாக முறைப்படி ஏற்றுக்கொள்ள 2003 ஆயிற்று. மலிவுத் திகில் படங்கள் பலவும் இந்தப் பறையொலியை அலட்சியமாகப் பயன்படுத்தியதற்குச் சமாதானம் இல்லை. லூட்டனின் படம் அவற்றைவிட நேர்மையானது. டிரினிடாட் பாடகர் சர் லான்சலாட் அதில் பாடும் கலிப்ஸோ பாட்டு, வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பத்தின் அவமானத்தை அவர்கள் காதுபடவே சொல்கிறது. வூடூ கோயிலின் கதவுக்குப் பின்னிருந்து தெய்வம்போலப் பேசும் குரலோ, கடைசியில் ஒரு கிறிஸ்தவ மிஷனரியின் விதவை மனைவியுடையதாக இருக்கிறது. பயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படம் பார்வையாளரைத் தடுமாற வைக்கிறது. அதுதான் அதன் பெருமை.

திருச்சபையின் சொந்தத் துதி ஒன்றும் திகிலுக்குப் பயணம் போயிருக்கிறது. 'தியெஸ் இரே' என்னும் இலத்தீன் துதி, இறுதித் தீர்ப்பு நாளின் கோபத்தைப் பாடுவது. 13-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்று, ஐரோப்பாவின் சவ அடக்கப் பூசைகளில் நூற்றாண்டுகள் ஒலித்தது. 1958-இல் இசையமைப்பாளர் ஜெரால்டு ஃபிரைடு, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட 'தி ரிட்டர்ன் ஆஃப் டிராகுலா' படத்துக்கு அந்த மெட்டையே இசையின் அடிப்படையாக வைத்தார். பத்தாண்டுகளுக்குச் சற்றுப் பிறகு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்த சீர்திருத்தத்தில், அது சவ அடக்கப் பூசையிலிருந்து எடுக்கப்பட்டது. நம்பிக்கையை விட்டுப் பயத்தையும் அவநம்பிக்கையையும் மிகுத்துக் காட்டுகிறது என்பது சீர்திருத்தக்காரர்கள் சொன்ன காரணம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் வேண்டும் என்ற அவர்கள் அக்கறை உண்மையானது. ஆனாலும் அங்கே ஓர் இழப்பு நேர்ந்தது. மரணத்தின் முன் மனிதனுக்கு வரும் நடுக்கம் பூசைநூலைத் திருத்துவதால் போய்விடாது. இடம் இல்லாமல் போனால் அது வேறிடம் தேடிப்போகும், போனது திரைக்கு. இன்று அந்த மெட்டின் முதல் நான்கு சுரங்களைப் பலரும் முதன்முதலில் கேட்பது தேவாலயத்தில் அல்ல, திகில் படத்தில்தான்.

மலிவுப் படங்களைப் பக்திக்கு எதிரி என்று தள்ளுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சீனாய் மலையடியில் மக்கள் வார்த்தைகளின் சத்தத்தைக் கேட்டார்கள், உருவம் எதையும் காணவில்லை என்கிறது உபாகமம். காட்டுவதற்கு ராட்சதன் இல்லாத, வேடம் போடக் காசில்லாத படமும் அதையேதான் நம்ப வேண்டியிருக்கிறது: காணாததைக் கேட்க வைப்பது. அதில் பெரும்பாலானவை தோற்றன, சில வென்றன. வென்றவற்றைக் குறைவாக மதிப்பதற்குச் செலவுக் கணக்கு ஒரு காரணமாகாது.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' இன்று அமெரிக்காவில் காப்புரிமைக் கட்டு இல்லாத படம். இணையத்தில் முழுதாகவே பார்க்கக் கிடைக்கிறது. வழிபாட்டுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், எந்தச் சமயத்தவராயினும், அதை ஒருமுறை பார்க்க வேண்டும். மேரியின் விரல்கள் வழி மாறும் இடம் வந்ததும் திரையைவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அந்த அறையில் நீங்கள் நின்றிருந்தால் அவள் கையைப் பிடித்திருப்பீர்களா, அவள் வாசித்து முடிக்கும்வரை கேட்டிருப்பீர்களா என்று உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.